சாட்சிக்கு ஒரு விலாசம்

ஒழுங்கையின் பாதியைக் கடந்த பிறகும் நாய் குரைத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேலால் வீட்டுக்காரரின் குரலும் வந்தது.

"என்ரை மகன் மலேசியாவிலை படிக்கிறான்! அவனைப் பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு உனக்கு ஆரடா சொன்னது? இனி இந்தப் படலையடியிலை உன்னைக் கண்டன் எண்டால் தெரியும்!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இணுவிலில் அந்தப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். மத்தியானத்தில் ஒரு முழ நிழல்கூட விழாது. கேட்டுக்கு உள்ளே என்னை விடவில்லை. தண்ணீர் கேட்கலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அவர் விளக்குமாறைத் தூக்கினார். சரி, பிரதான வீதிக்குப் போனால் கடை இருக்கும் என்று நடந்தேன்.

அவருடைய மகன் மலேசியாவில் படிக்கவில்லை. தாய்லாந்தில், எல்லை ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். அதற்கு முன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மியன்மாரில், ஒரே மதிலுக்குள் அவனும் நானும் ஒரு மாரிகாலம் முழுவதும் இருந்தோம். அவனைப் போன்ற படித்த பொடியன்களைக் கணினிகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்த்தி, யாரோ பெண்களின் படங்களைக் கொடுத்து, எங்கெங்கோ இருக்கும் கிழவர்களுக்குக் காதல் வசனம் எழுதிப் பணம் கறக்கச் சொன்னார்கள். எழுத மறுத்தவனை மேல்மாடிக்குக் கொண்டுபோய் மின்சாரம் வைத்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குக் கணினி தரவில்லை, அகப்பை தந்தார்கள். அவர்களுக்குச் சோறு காய்ச்சினேன். என்னையும் வெளியே விடவில்லை. கடவுச்சீட்டை வந்த அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் இராணுவம் வந்து கதவுகளை உடைத்து எல்லோரையும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தது. சமைத்தவர்களையும் கூட்டித் துடைத்தவர்களையும் கெதியாக விமானம் ஏற்றிவிட்டார்கள். கணினிக்கு முன்னால் இருந்தவர்களை விடவில்லை. இவர்கள் ஏமாற்ற வந்தவர்களா, ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களா என்பது அந்த நாட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். ஊரில் குடும்பத்தார் முறைப்பாடு கொடுத்து, அதை எங்கள் அரசாங்கம் மனித வியாபார வழக்கு என்று அங்கே அறிவித்தால், அவனைப் பாதிக்கப்பட்டவன் என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். முறைப்பாடு இல்லாதவனை மோசடிக்காரன் என்று வழக்குப் போட்டுக் கோட்டுக்குக் கொண்டுபோவார்கள். முகாமுக்கு வந்த எங்கள் தூதரக அதிகாரி இதை எல்லோருக்கும் விளங்கச் சொன்னார். மற்றப் பொடியன்களின் வீடுகளில் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். இவன் வீட்டில் கொடுக்கவில்லை. இரண்டு தரம் முகாம் தொலைபேசியில் தகப்பனோடு கதைத்தான். இரண்டு தரமும் அவர் வைத்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் நேரிலை போய்ச் சொல்லுங்கோ" என்றான். அவனுடைய வழக்குக்கு அந்த மாதக் கடைசியில் தவணை போட்டிருந்தார்கள்.

தகப்பன் ஏன் வைத்தார் என்பது படலையடியில்தான் எனக்கு விளங்கியது. எங்களை அனுப்பிய ஆள் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: மகனின் குரலில் யாராவது அழுதால் நம்பக்கூடாது, இந்தக் காலத்தில் குரலையும் கணினியே செய்யும், பணம் பறிக்கிற கூட்டம் அது.

அந்த ஆள் இணுவிலில் மதிப்பான மனிதர். கோயில் திருவிழாவில் ஒரு நாள் அவருடைய உபயம். ஒரு கல்யாண வீட்டில் நான் சமைத்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டுத்தான், வெளிநாட்டில் எங்கள் பொடியன்களுக்குச் சமைக்க இப்படி ஒரு கை வேண்டும் என்று என்னைக் கேட்டார். எனக்கு ஊரிலே நின்று பழக்கமில்லை. அடுத்த கிழமையே போனேன்.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அது என்னைக் கடந்து போகாமல் பக்கத்தில் மெதுவாக உருண்டு வந்தது. ஓட்டியவனைத் தெரியும், அந்த ஆளின் மருமகன். என்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனவன். பின்னால் இன்னொருவன் இருந்தான், பெரிய உடம்பு.

"என்ன அண்ணை, இந்த வெயிலுக்கை? ஏறுங்கோ, பஸ் ஸ்டாண்டிலை விடுறம்" என்றான் மருமகன்.

"நான் நடந்து பழகினவன்."

"நடந்தால் கால் நோகுமெல்லே?"

"நொந்தால் இருந்து எழும்புவன்."

"கால் இருந்தால்தானே எழும்பலாம்" என்று சொல்லிப் பின்னால் இருந்தவன் சிரித்தான்.

மருமகன் அவனை அதட்டினான். "டேய், அண்ணையோடை பகிடி விடாதை. அண்ணை நல்ல சமையல்காரன். ஏன் அண்ணை அந்தக் கிழவனைக் குழப்புறியள்? உவைக்கு வீட்டிலை நல்ல காரியம் ஒண்டு வருகுது. பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடிச்சிருக்கு. நீங்கள் உங்கடை ஊருக்கு, குருநகருக்குப் போய்ப் பேசாமல் மீன் பிடியுங்கோவன்."

"மீன் பிடிக்கத்தான் போறன். ஒரு சோலி இருக்கு, முடிச்சிட்டுப் போறன்."

மருமகன் வண்டியை முறுக்கி முன்னால் போய், ஒழுங்கை பிரதான வீதியில் ஏறுகிற முடக்கில் குறுக்கே நிறுத்தினான். இருவரும் இறங்கி நின்றார்கள். ஒழுங்கையில் வேறு சனம் இல்லை. திரும்பினால் தகப்பன்; நேரே போனால் இவர்கள். ஒரு மதிலோடு சாய்ந்து நின்று செருப்புக்குள் புகுந்த கல்லைத் தட்டினேன். ஒரு கல்லைத் தட்ட எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவும் எடுத்தேன்.

அப்போதுதான் ஸ்கூட்டியில் அந்தப் பிள்ளை வந்தது. வீட்டுக்குள் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்த முகம். பொடியனின் தமக்கை, ஊர் முன்பள்ளியில் படிப்பிப்பவள். ஸ்கூட்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

"அண்ணை, தம்பி வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அவன்ரை சூட்கேஸ் எப்பிடிப் போனது எண்டு சொன்னவனோ?"

"வெங்காயச் சாக்குக்கை" என்றேன்.

அவளுடைய கை பிரேக்கில் இறுகியது.

அவன் அதை முகாமில் சொல்லிச் சிரித்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாட்டுக்குப் போகிறான் என்றால் போய்ச் சேரும்வரை யாருக்கும் மூச்சு விடமாட்டார்கள். நாவூறு பட்டுப் பயணம் குழம்பிவிடும் என்று பயம். பக்கத்து வீட்டுக்கும் தெரியாது, சொந்தத் தாய்மாமனுக்கும் தெரியாது. சூட்கேஸை முதல் நாளே வெங்காயச் சாக்குக்குள் வைத்துக் கட்டி, வெங்காயம் ஏற்றுகிற வண்டியில் அனுப்பினார்கள். அடுத்த நாள் அவன் டியூஷன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்படலையால் போனான். ஊரில் எவருக்கும் அவன் போனது தெரியாது. எங்களை அனுப்பிய ஆளுக்கு இந்த வழக்கம் நல்ல வசதி. ஒரே ஊரில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளை அனுப்பினாலும் ஒரு வீட்டுக்கு மற்ற வீட்டின் கதை தெரியாது. முதல் போனவனுக்கு என்ன நடந்தது என்று அடுத்தவன் விசாரிக்க வழியில்லை. "நாவூறு பொல்லாதது, வெளியிலை விட்டிடாதேங்கோ" என்று ஒவ்வொரு வீட்டிலும் அவரே சொல்லிவிட்டுப் போவார்.

"கோல் எடுத்தது அவன்தானோ அண்ணை? அப்பா அது கள்ளர் எண்டவர்."

"அவன்தான் பிள்ளை எடுத்தவன். மாதம் முடியமுதல் இஞ்சையிருந்து முறைப்பாடு போகாட்டில் அவனை மறியலிலை அடைச்சுப்போடுவினம்."

அவள் முடக்கில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏறுங்கோ" என்றாள்.

"பிள்ளை, நீ கலியாணம் பேசியிருக்கிற பிள்ளை. முன்பின் தெரியாத ஆம்பிளையைப் பின்னாலை ஏத்திக்கொண்டு போனால் சனம் என்ன கதைக்கும்?"

"அதுதான் அண்ணை வேணும். கதைக்கட்டும்."

ஏறினேன். முடக்கை நெருங்கினதும் மருமகன் கையை நீட்டி மறித்தான். "தங்கச்சி, எங்கை போறீர்?" அவள் நிறுத்தவில்லை. மதிலோரம் இருந்த இடைவெளியால் நுழைந்தபோது என் முழங்கால் அவனுடைய வண்டியில் இடித்துத் தோல் உரிந்தது. அவர்கள் உதைத்து ஸ்டார்ட் பண்ணும் சத்தம் பின்னால் கேட்டது.

பொலிசுக்குக் குறுக்கு வழி இருந்தது. அவள் அதில் போகவில்லை. கோயில் வீதியைச் சுற்றி, தேர்முட்டியைக் கடந்து, கடைத்தெருவால் போனாள். மெதுவாக, எல்லோரும் பார்க்கிற வேகத்தில். மோட்டார் சைக்கிள் எங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் தலைகள் திரும்பின. மரக்கறிக் கடையில் பை நிறையக் கத்தரிக்காயோடு நின்ற ஒரு அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளை! ஆரடி உது பின்னாலை?"

அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சொன்னாள். "தம்பியோடை வெளிநாட்டிலை நிண்டவர், மாமி! தம்பி மலேசியாவிலை இல்லை! அவனை வித்துப்போட்டாங்கள்! தாய்லாந்திலை பிடிச்சு வைச்சிருக்கினம். பொலிசுக்குப் போறம்!" அனுப்பிய ஆளை இன்னாரின் மகன், இத்தனையாம் திருவிழா உபயகாரர் என்று எல்லோருக்கும் விளங்குகிற மாதிரியும் சொன்னாள்.

மாமியின் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். பொடியனுக்காக என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒரு முச்சக்கர வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. அத்தனை சனத்துக்கு முன்னால் அவர்களுக்குக் கிட்டவரத் துணிவில்லை.

பொலிஸ் நிலையத்தில் மேசையில் இருந்த கான்ஸ்டபிள் நல்ல பொடியன்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது ஒரு வழி. "வெளிநாட்டுக்கு அனுப்புறன் எண்டு காசு வாங்கி ஏமாத்தின கேஸ்தானே? அப்பிடி எழுதுவம். ஆளைக் கூப்பிட்டுக் காசைத் திருப்பிக் குடுக்கச் சொன்னால் முடிஞ்சுது."

"தம்பியை?" என்று அவள் கேட்டாள்.

"அவர் தானாத்தானே போனவர்?"

அவள் பதில் சொல்ல முன்னமே வாசலில் கார் வந்து நின்றது. அந்த ஆள் இறங்கினார்; மருமகன் அறிவித்திருப்பான். வெள்ளை வேட்டி, நெற்றியில் அளவான திருநீறு. அவருக்குப் பின்னால் தகப்பன், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி.

"பிள்ளை" என்றார் அந்த ஆள், சொந்தச் சித்தப்பா மாதிரி. "வீட்டுக்கை கதைச்சு முடிக்கிற விசயத்தை ஏனம்மா இஞ்சை கொண்டுவந்தனீர்? அவனுக்குச் சரிவரேல்லை எண்டால் நீங்கள் தந்த காசை நான் முழுக்கத் திருப்பித் தாறன். உம்மடை கலியாணத்துக்கு உதவும். மாப்பிள்ளை வீட்டுக்கு இப்ப என்ன சொல்லப் போறீர்?"

தகப்பன் மகளின் கையைப் பிடித்தார். "வாம்மா போவம். ஐயா தாறன் எண்டுறார்தானே. ஊரெல்லாம் சிரிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். காசு கேஸ் என்று எழுதினால் இந்த மனிதர் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே பொடியன் தானாக வேலைக்குப் போனவன் என்றே ஆகிவிடும். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "காசை வாங்கினால் அவன் வரமாட்டான் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

"நீ வாயை மூடு" என்றார் அந்த ஆள். முதல் தடவையாக அவருடைய குரலில் சித்தப்பா இல்லை.

வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. கடைத்தெருவில் கண்ட மாமி இறங்கினார். கத்தரிக்காய்ப் பை இன்னும் கையில் இருந்தது. நேரே வந்து அந்த ஆளுக்கு முன்னால் நின்றார்.

"எட, இவளின்ரை தம்பியையும் நீதானே அனுப்பினனீ? என்ரை பொடியனுக்கும் வாற வெள்ளிக்கிழமைக்குத்தானே நாள் பாத்துத் தந்தனீ? ஆருக்கும் சொல்லாதேங்கோ, நாவூறு எண்டு சொல்லிப்போட்டு! நான் இவளின்ரை தாய்க்கே மறைச்சனடா, ஒரே கிணத்திலை தண்ணி அள்ளுறனாங்கள்!"

"அக்கா, சத்தம் போடாதேங்கோ, பொலிஸ் ஸ்டேசன்—"

"பொலிஸ் ஸ்டேசனிலை போடாமல் வேறை எங்கை போடுறது?"

இந்தச் சத்தத்துக்குத்தான் உள்ளே இருந்து பெண் அதிகாரி வந்தார். பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் பொறுப்பானவர். சிங்களத்தவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைத்தார். எல்லோரையும் வாங்கில் இருத்திவிட்டு என்னைத்தான் முதலில் கேட்டார்.

"என்ன வேலை எண்டு சொல்லி அனுப்பினது?"

"எனக்குச் சமையல் மிஸ். பொடியனுக்குக் கணினி வேலை எண்டு."

"எந்த நாடு எண்டு சொன்னது?"

"அவனுக்கு மலேசியா. எனக்குத் தாய்லாந்து."

"பாஸ்போட் ஆரிட்டை இருந்தது? வெளியிலை போக விட்டதா? அடிச்சதா?"

சொன்னேன். மேல்மாடியையும் சொன்னேன். தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, இது காசு கேஸ் இல்லை" என்று அதிகாரி அந்த ஆளைப் பார்த்துச் சொன்னார். "பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் அடைச்சு வைச்சு வேலை வாங்கினால் சட்டத்திலை அதுக்குப் பேர் மனித வியாபாரம். போனவர் விரும்பிப் போனவர் எண்டது இஞ்சை எடுபடாது. காசைத் திருப்பிக் குடுத்து முடிக்கவும் ஏலாது." பிறகு கான்ஸ்டபிளிடம், "கிழிச்சுப்போட்டு முதலிலை இருந்து எழுதும்" என்றார். "இது இண்டைக்கே கொழும்புக்குப் போகவேணும்."

அந்த ஆள் வேட்டி மடிப்பைச் சரி செய்தார். அவரிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"நல்லது மிஸ், எழுதுங்கோ. ஆனால் எல்லாத்தையும் கண்ட சாட்சி ஆர்? இவர்தானே? இவற்றை விலாசத்தைக் கேளுங்கோ பாப்பம். இண்டைக்கு இஞ்சை, நாளைக்கு மன்னார், நாளையிண்டைக்கு எந்தக் கடலோ. கோட்டிலை கூப்பிடேக்கை இவரை எங்கை தேடுறது? குருநகரிலை இவற்றை அண்ணன்மாரே இவரை வீட்டிலை சேர்க்கிறேல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. வவுனியாவில் மேசன் வேலை, மன்னாரில் கடலட்டைப் பண்ணை, கல்யாண வீடுகளில் சமையல்; எங்கும் ஒரு வருடம் நின்றதில்லை.

அதிகாரி பேனையை மூடினார். "விலாசம் என்ன?"

"இப்ப ஒண்டுமில்லை மிஸ்."

"பொம்பிளையள் எண்டால் பாதுகாப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். ஆம்பிளையளுக்கு இஞ்சை அப்பிடி இடம் இல்லை. சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்டு நான் எழுதலாம், அதுக்கும் ஆள் இருக்கிற இடம் வேணும்." யோசித்தார். "பிள்ளையின்ரை முறைப்பாடு இண்டைக்குப் போகும். உம்மடை வாக்குமூலமும் அதோடை சேரவேணும், இல்லாட்டில் பலமில்லை. நாளைக்குக் காலமை ஒரு விலாசத்தோடை எனக்குக் கோல் எடும். அழைப்பாணை வந்தால் நீர் அங்கை நிக்கவேணும். இந்த மாதம் மட்டுமில்லை. வழக்கு முடியுமட்டும்."

"சரி" என்றேன். சொன்ன பிறகுதான், ஒரே இடத்தில் நிற்கச் சம்மதித்துவிட்டேன் என்பது விளங்கியது. மேல்மாடி மின்சாரத்துக்கு எனக்கு இருந்த பயத்தைவிட அந்தப் பயம் கொஞ்சம்தான் குறைவு.

வெளியே வரும்போது தகப்பன் வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். காரில் ஏறவில்லை. நான் கடந்து போகும்போது, என்னைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, அவன் அங்கை சாப்பிடுறவனே?"

"நான்தான் ஐயா காய்ச்சிக் குடுத்தனான். சாப்பிட்டவன்."

"பருப்பெண்டால் தொடமாட்டான்."

"அங்கை தொட்டவன்."

அவர் தலையை ஆட்டினார்.

மருமகனும் மற்றவனும் வீதிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அதிகாரி ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். குருநகருக்குப் போகவில்லை, அங்கேதான் முதலில் தேடுவார்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கி வடமராட்சிப் பஸ்ஸில் மாறினேன். நெல்லியடியில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, ஆள் தேவைப்படுகிற இடம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். சந்தைக்குப் பின்னால் இருக்கிற பேக்கரியில் விறகுக்காரன் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்று சொன்னார்கள்.

காலையில் போனேன். முதல் அடுக்குப் பாண் போறணை அடுப்பிலிருந்து இறங்கி ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி வெறும் மேலோடு, தோள் முழுவதும் மாவோடு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போறணை வேலை தெரியுமோ?"

"விறகு அடுக்குவன், சாம்பல் அள்ளுவன். மிச்சத்தைப் பழகுவன்."

"எத்தினை நாளைக்கு? எனக்கு இப்பிடி வந்து ரெண்டு கிழமையிலை ஓடுறவங்களாலை அலுத்துப் போச்சு."

முழுவதையும் சொன்னேன். மறைத்தால் பிறகு எப்படியும் தெரியவரும். யார் தேடி வரலாம் என்பதையும் சொன்னேன். அவர் மாவைக் கையால் வழித்துப் பலகையில் தட்டியபடி கேட்டார்.

"அப்ப வழக்கு முடியுமட்டும் நிப்பாய்?"

"ஓம்."

"எங்கடை கோட்டிலை வழக்கு முடியுமட்டும் எண்டால், தம்பி, நீ இஞ்சையே கிழவனாகிப்போவாய்." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "அந்தப் பொடியன் வந்திடுவானோ?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா. முறைப்பாடு போயிட்டுது."

"மேலை அறை ஒண்டு கிடக்கு. மா மூட்டையளைத் தள்ளிப்போட்டுப் படு. போனைத் தா."

அதிகாரியின் இலக்கத்தை நானே அழுத்திக் கொடுத்தேன். பேக்கரியின் பெயரையும் வீதியையும், பேக்கரிக்கு மேலே இடது பக்க அறை என்பதையும் அவர் தொலைபேசியில் சத்தமாகச் சொன்னார். மற்றப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் போல. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் பெயரைக் கேட்டு அதையும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்வாசலில் லாண்ட்மாஸ்டர் வண்டி நிறைய விறகு வந்து நின்றது. முதலாளி தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் விறகை இறக்கத் தொடங்கினேன்.